வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்

வேங்கிக்காலில் டவுன் பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரரும், மடியில் குழந்தையோடு வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தாம்மா வீடு விடறது.”

“நாங்களும் வெளிநாடுதானே ஐயா. சிலோன்.”

“அது வெளிநாடு இல்லம்மா, அகதி. போலீஸ் வந்து விசாரிப்பாங்க.”

“உங்கட மாடியில இப்ப வாடகைக்கு இருக்கிற ஜெர்மன்காரரை விசாரிக்கிறதில்லையோ?”

“அவரு சாமியார் மாதிரிம்மா. பௌர்ணமி தவறாம மலையைச் சுத்துறாரு.”

“நாங்களும் சுத்துறனாங்கள்.”

“நீங்க வீடு வேணும்னு வேண்டிக்கினு சுத்துறீங்க. அவரு எதுவும் கேக்காம சும்மா சுத்துறாரு. அதான் பக்தி.”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு மனம் கொஞ்சம் இளகியது.

“ஒண்ணு பண்ணுங்க. அவருக்கு இட்லி சாம்பார்னா உயிரு. காலைல வந்து சமைச்சுக் குடுத்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுங்க. நம்ம பாஷை பேசற ஆளுன்னா எனக்கும் நிம்மதி.”

“வெளிக்கிட்டு எங்க ஐயா போறது?”

பஸ் திரும்பியதும் கோபுரம் தெரிந்தது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.