அரியநாயகத்தாரின் கடவுச்சொல்

வாசற்கதவைப் பூட்டிவைத்திருப்பவனை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. நான் செய்ததும் அவ்வளவுதான். ஊர்ச்சங்க நிர்வாகசபை கேட்டதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் தீவின் இணையத்தளத்தை உருவாக்கியவன் நான். திருவிழா, கல்யாணம், மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் வரும். கனடாவில் இருப்பவர்கள் தேத்தண்ணி குடிக்க முன்னரே அதைத்தான் பார்ப்பார்கள். தளம் இருக்கும் சேவர் கணினி ஜேர்மனியில். அதற்குள் நுழையும் கடவுச்சொல், சங்கத் தலைவர் அரியநாயகத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அதை அவர் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி மகளுக்குப் போனில் உரத்துச் சொல்லுவார்.

"ஐயா, கடவுச்சொல்லை நிப்பாட்டிப்போட்டு, பூட்டுக்குத் திறப்பு மாதிரி ஒரு முறைக்கு மாறுவம். ஒரு திறப்பு சேவரிலை, அதின்ரை சோடி எங்கடை கணினியிலை. ரெண்டும் பொருந்தினால்தான் உள்ளை விடும்" என்றேன்.

"என்ரை பேரைச் சொல்லியும் விடாத கதவு எனக்கென்னத்துக்குத் தம்பி?" என்றார்.

விளங்கப்படுத்துவது என் கடமை. அடுத்த வெள்ளி, தளத்தில் அவருடைய மரண அறிவித்தல் வந்தது. கடவுச்சொல் தெரிந்த எவரும் போட்டிருக்கலாம். போட்டது நான்.

கனடாவில், ஸ்காபரோவில் அஞ்சலிக்கூட்டம் நடந்தது. இங்கே, படகில் அவரைக் கண்ட மீன்காரி செபஸ்தியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் போய் இருந்தார்.

தலைவர் ஓடிவந்தார். "நீர் சொன்ன திறப்பை உடனை போடும்."

போட்டேன். கடவுச்சொல்லை நிறுத்தினேன். என் மடிக்கணினியைத் தவிர வேறெதையும் சேவர் இனி உள்ளே விடாது.

"இப்ப அந்த அறிவித்தலை எடுத்துவிடும்."

"ஆர் போட்டதெண்டு விசாரணை முடியுமட்டும் தடயத்திலை கைவைக்க ஏலாது ஐயா."

"நான் உயிரோடை நிக்கிறன் காணும்."

"ஓம், எனக்குத் தெரியும். தளத்துக்குத் தெரியாது."

மூன்று வாரமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பையும் எழுதி வைத்திருக்கிறேன், ஒழுங்கென்றால் ஒழுங்கு.

தளத்தின் அங்குரார்ப்பண விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குக்கூட நன்றி சொன்ன தலைவர் என் பெயரை விட்டுவிட்டார், அதற்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறீர்கள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அன்று அவர் நீலக்கரை வேட்டி கட்டியிருந்தார் என்பதுகூட நினைவில்லை.

தடயத்தில் ஒரேயொரு திருத்தம் செய்தேன். வழக்கமாக அடியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று போடுவோம். பாவம், அவருடைய குடும்பத்தை ஏன் இழுக்கவேண்டும்? 'தகவல்: துஷ்யந்தன், இத்தளத்தை உருவாக்கியவர்' என்று மாற்றினேன். எழுத்து இறந்தவரின் பெயரைவிடச் சற்றுப் பெரிதுதான். வயதானவர்களும் வாசிக்கவேண்டுமே.