நேராக இருக்கச் சொல்லாத காகிதம்

நல்லம்பள்ளி வட்டார லேத் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் தலைவர், அண்ணன் கருப்பண்ணன் அவர்களே! இரும்போடு இரும்பாக இளமையை இழைத்துவிட்ட பெரியோர்களே! பட்டறை வருமானத்தில் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தாய்மார்களே! ஐந்தாம் வரிசையில் அமர்ந்து என்னை அளந்துகொண்டிருக்கும் தங்கை லூர்துமேரி அவர்களே! மாதவராஜின் பணிவான வணக்கம்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. இந்த மைக்கை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். முன்வரிசையில் சிரிக்கிறீர்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

போன ஆடியில் ஓசூர்க் கம்பெனி ஒன்று டிராயிங் அனுப்பியது. ஒரு சாண் நீளத்தில் ஓட்டைக்குள் செருகுகிற உருளை இரும்பு, பின் என்பார்கள். பருமன் இருபது மில்லிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அறுநூறு பின் கடைந்து அனுப்பினோம். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று அத்தனையும் திரும்பி வந்தன.

பரிசோதனைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பின்னும் சரி என்று, என் பட்டறையில் அளவு பார்க்கும் லூர்துமேரியின் கையெழுத்து. அளக்காமலே எழுதினாரா? நல்ல பின்னை வெளியே விற்றுவிட்டு பழுதான பின்னை வைத்தாரா? சந்தேகம் என் சட்டையைப் பிடித்தது. ஷிப்ட் முடிந்து போகிறவரைக் கேட்டருகே நிறுத்தி, இருபத்து மூன்று பேர் பார்க்க, பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே டிபன் பாக்ஸும் குடையும் இருந்தன. "நாளைலிருந்து நான் வரலீங்க" என்றவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து அளந்தேன். எங்கே வைத்தாலும் பருமன் அளக்கும் மைக்ரோமீட்டர் சரி என்றது. என் கையைச் சந்தேகப்பட்டேன், கருவியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு பின்னைக் கண்ணாடி மேல் உருட்டினால், அது வெள்ளரிப்பிஞ்சு போல் தத்தித் தத்தி ஓடுகிறது. பருமன் பழுதில்லை, பின் வளைந்திருக்கிறது!

பின் என்றால் நேராகத்தானே இருக்க வேண்டும் என்கிறீர்களா, அண்ணா? நானும் அப்படித்தான் நினைத்தேன். டிராயிங் காகிதம் அப்படிச் சொல்லவில்லையே! மூலையில் பொடி எழுத்தில் ஒரு சர்வதேசத் தர எண் இருந்தது. அந்த விதிப்படி அளவு வேறு, வடிவம் வேறு. நேராக இருக்க வேண்டுமென்றால் எவ்வளவு வளையலாம் என்று தனியே எழுத வேண்டும், அல்லது அளவுக்குப் பக்கத்தில் அதற்குரிய குறியைப் போட வேண்டும். கம்பெனி இரண்டையும் செய்யவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வேலை தொடங்கும் முன்பே லூர்துமேரி என்னிடம் கேட்டார்.

"அண்ணா, பருமன் மட்டுந்தாங்க போட்டிருக்காங்க. எவ்ளோ வளையலாம்னு போடலீங்களே. போன் பண்ணிக் கேக்கலாங்களா?"

"கேட்டா, இவனுக்கு டிராயிங் படிக்கத் தெரியலன்னு அடுத்த ஆர்டர் தரமாட்டாங்க. சும்மா இரு, மேரி."

இங்கே எந்தப் பட்டறையில் இந்த வசனம் ஒலிக்கவில்லை? கேட்டால் கௌரவம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஆளைச் சந்தேகிக்கிறோம், ஆளின் பையைச் சந்தேகிக்கிறோம். கம்பெனி முத்திரை விழுந்த காகிதத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இது நியாயமா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லூர்துமேரி வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "எத்தன பேரு பாக்க என் பையத் தொறந்தீங்களோ, அதுக்கு மேல ஒரு ஆளாவது இருக்கற எடத்துல சொல்லுங்க. வர்றதப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

முந்நூறு பேர் இருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன். லூர்துமேரி திருடவில்லை. பொய் எழுதவில்லை. அளந்ததைத்தான் எழுதினார். காகிதத்தில் இல்லாததைக் கேட்டார், கேட்டவரின் வாயை அடைத்தவன் நான். தங்கையே, என்னை மன்னியுங்கள்.

கைதட்ட வேண்டாம், அவர் இன்னும் தட்டவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்குப் பட்டறைக் கேட்டில் நிற்பேன். அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன்.