கன்னத்துச் சிவப்பு

ஏர்கோனைக் குறைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் மஜீத். எனக்குக் குளிர் பழக்கம்தான். நீலாயில் எங்கள் கல்லூரி நூலகத்தின் படக்கூடத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இதைவிடக் குளிர். எண்ணெய் ஓவியத்துக்கு ஈரம்தான் எமன். இந்த ஊர் வெக்கையில் ஒரு மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும், துரைமார் முகத்திலெல்லாம் பூஞ்சை பூத்துவிடும்.

லாபு பக்கத்துத் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமார். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது பங்களாக்களில் கேட்பாரற்றுக் கிடந்த படங்களைக் கல்லூரி வாங்கி வைத்தது. அத்தனை துரைமாருக்கு நடுவே ஒரே ஒரு தமிழர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். தோட்டத்துத் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி செல்லப்பா, என் அப்பப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, தோட்டத்து ஆபீசையே கட்டி ஆண்டவர். அந்தப் படத்தை மட்டும் எங்கள் குடும்பம் கொடுத்தது. என் மகன் மகிந்தன் அதைப் பிரதி எடுத்துத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். இவர்தான் நம்மை ஆளாக்கியவர் என்று தன் பிள்ளைகளுக்குக் காட்டுவான்.

நாற்காலிக்குப் பின்னால் தட்டு ஏந்தியபடி ஒரு சிறுமி நிற்பாள். வீட்டு வேலைக்கு நின்ற பிள்ளை. உண்மையைச் சொன்னால், வருகிறவர்கள் அப்பப்பாவைவிட அவளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கன்னத்தில் அப்படியொரு சிவப்பு, கண்ணில் அப்படியொரு பளபளப்பு. படத்துக்கு உயிரே அந்தக் கன்னம்தான் என்று மாணவர்களுக்கு நானே சொல்வேன்.

பொங்கல் கழிந்து நல்லசாமி வந்தார். எண்பது வயதுக்காரர். லாபுத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், இப்போது மகள் லோகேஸ்வரியோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். கையில் வாக்கர், காது மந்தம். மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். படத்துக்கு முன்னால் போய் நின்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எங்க அக்கா, சின்னையா. மாதவி. கிராணி வீட்டுல வேலைக்கு நின்னுச்சு."

சின்னையா என்று என்னைக் கூப்பிட இப்போது யார் இருக்கிறார்கள்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"கன்னத்துல இருக்கறது சாயம் இல்ல சின்னையா. காச்சல். நிக்க முடியலன்னு அழுதுச்சாம். படம் எழுதுறவரு கப்பலுக்குப் போவணுமாம். 'கொஞ்சம் பொறு பிள்ளை, முடியப்போகுது'ன்னு சொல்லிச் சொல்லியே கிராணி நிக்க வெச்சாராம். படம் முடிஞ்ச மறுநாளு அக்கா செத்துப்போச்சு. எங்கம்மா சாவுற வரைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு."

அவர் சண்டைக்கு வரவில்லை. அக்காவுக்கு வேறு படம் கிடையாது, அதனால் இந்தப் படத்தின் கீழே அவள் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். எங்கள் தலைமை நூலகர் மோகனா சின்னப் பெண். கேட்டதும் கண் கலங்கிவிட்டாள்.

"அங்கிள், இதுதான் லா உண்மையான ஹிஸ்டரி. பேரும் போடுவோம், நடந்ததையும் போடுவோம். அடுத்த மாசமே போர்டு மாட்டிடலாம்."

தோட்டத்தில் காய்ச்சல் வராத பிள்ளை உண்டா, நீங்களே சொல்லுங்கள். அப்பப்பா குயினைன் கொடுக்காமலா இருந்திருப்பார்? மண்ணுக்குள் போனவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? எங்கள் உப்பைத் தின்ற வீட்டுப் பிள்ளையின் பெயரால் எங்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போடுகிறார்கள். மோகனாவிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மகிந்தனிடம் சொன்னேன். "விடுங்கோ அப்பா, பழைய கதை" என்றான். நான் ஒற்றை ஆள். என்ன செய்ய முடியும்?

ஒரு நாள் நான் தொலைபேசி எடுக்கப் போன நேரத்தில் நல்லசாமி படத்தில் மாதவியின் நெற்றிக்குக் குங்குமம் வைத்துவிட்டார். செத்தவர் படத்துக்குப் பொட்டு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அது சுவரில் மாட்டிய போட்டோ இல்லையே, எழுபது வருஷத்து எண்ணெய் வண்ணம். பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்டார். "அக்கா திதி வருது சின்னையா. ஒரே ஒரு சூடம் காட்டிட்டுப் போயிடறேன்."

கற்பூரத்தைத்தான் அவர்கள் சூடம் என்பார்கள். எங்கள் கூடத்தில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. அங்கே தீயணைக்கத் தண்ணீர் கிடையாது, தண்ணீர் பட்டால் படம் போய்விடும். புகை கண்டால் மணி அடிக்கும். ஆட்கள் வெளியேறக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுக் கனத்த கதவு தானாக மூடிக்கொள்ளும். பிறகு தீயை மூச்சடைக்க வைக்கும் வாயு இறங்கும். படத்துக்கு ஒரு குறையும் வராது. உள்ளே அகப்பட்ட மனிதருக்குத்தான் ஆகாது. இதெல்லாம் எனக்குப் பாடம்.

சரி, காட்டுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லோரும் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் போயிருந்தார்கள். அவர் வேட்டி கட்டி, விபூதி பூசி வந்திருந்தார். பித்தளைத் தட்டும் ஒரு சரம் மல்லிகையும் கொண்டுவந்திருந்தார். தீப்பெட்டி மறந்துவிட்டது. நான் கொடுத்தேன். அக்காவோடு தனியாக இருக்கட்டும் என்று வெளியே வந்து நின்றேன். அதுகூட ஒரு மரியாதைதானே?

மணி அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு மூடியது. கண் திறந்தபோது வாயு இறங்கத் தொடங்கியிருந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு வந்தார். அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க நல்ல பலம் வேண்டும். கதவிலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், சின்னையா சின்னையா என்று தட்டினார். தட்டில் கற்பூரம் எப்போதோ அணைந்துபோயிருந்தது.

வெளிச்சுவரில் ஒரு பொத்தான் உண்டா என்று நேற்றும் கேட்டீர்கள். உண்டு. அழுத்தினால் வாயு நிற்கும், கதவு திறக்கும். என் தோளுக்கு நேராக, சிவப்பு நிறம். அது எனக்குத் தெரியாமல் இருக்குமா? அழுத்தியிருந்தால் அவர் வெளியே வந்திருப்பார், அடுத்த மாதம் போர்டும் வந்திருக்கும். நான் அழுத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் விட்டுவிட்டு ஓடவில்லை. கடைசிவரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் முகத்துக்கு நேராக நின்றேன். காது கேட்காதவர், என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புரியட்டும் என்று நிதானமாக, ஆறுதலாகச் சொன்னேன். புரிந்திருக்க வேண்டும், தட்டுவதை நிறுத்திவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் பொறுங்கோ நல்லசாமி, முடியப்போகுது என்றேன்.