ஆளுக்கொரு பார்சல்

புத்தளத்திலிருந்து நுரைச்சோலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள்.

"கொரோனா வந்ததாலதான் ராத்தா, என்ட மகள் ஒரு கலியாணச் சோத்த ஆக்களோட இருந்து திண்டாள்."

நான் காதைக் கொடுத்தேன்.

"அவளுக்குப் பிறவியிலயே சுவாசப்பையில சளி கட்டுற வருத்தம்தானே? கிருமி தொத்தினா ஆஸ்பத்திரிதான். முந்தியெல்லாம் கலியாணத்தில ஒரே சஹன் தட்டில ஆறு பேர் கை போட்டுத் திண்ணக்குள்ள, இவளுக்கு அறைக்குள்ள தனிப் பீங்கான்ல சோறு."

"ஓம், பாவம்."

"இந்தக் கலியாணத்தில வீட்டு முத்தத்தில தள்ளித்தள்ளிக் கதிரை, ஆளுக்கொரு பார்சல். மாப்பிள்ளைக்கும் பார்சல்தான்! எல்லாரும் முகத்தத் தொங்கப் போட்டுட்டு இருந்தாங்க. இவள் மட்டும் ரெண்டு பார்சல் முடிச்சாள்."

"பொறகு?"

"பொறகென்ன, கை கழுவிட்டு வந்து கேக்கிறாள்: 'உம்மா, அடுத்த கலியாணம் யாருக்கு?'"