அக்கா கைக்கு அளவெடுத்த பிடி

கொய்யாக் கட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான் மாமா. முதலில் முரண்டு பிடிக்கிறது. வழிக்கு வந்துவிட்டால் உப்புத்தாளுக்கு அடியில் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொள்கிறது. நீங்கள் அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்த அன்று, பட்டறையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை குதித்துக்கொண்டே போனேன். பக்கத்து வீடாக இருப்பதில் இதுதான் கஷ்டம், நாலைந்து குதியில் வீடு வந்துவிடுகிறது.

என்னைப் பேச வைப்பது லேசில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் அளவு காட்டக் கொண்டுவந்த, நான் முன்பு செய்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள என்ன பாப்பா இது, மெழுகா?" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டதும் நல்லதுதான். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது.

வீட்டில் அக்காவும் நானும்தான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் இனிமேல் போகவே மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அக்காதான் போய் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கடையில் சோப்பு கேட்பதும் அவள்தான், பால்காரரோடு சண்டை போடுவதும் அவள்தான். "இந்த வாயில்லாப் பூச்சிக்கு நான்தான் வாய்" என்று எல்லோரிடமும் சொல்வாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா.

அவள் வேலை செய்யும் ஓட்டலில் அவளை மெஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். காய் நறுக்குகிற வேகம் அப்படி. வேறு ஊரில் பெரிய ஓட்டல் ஒன்று அதைக் கேள்விப்பட்டு அவளைக் கூப்பிட்டது. "ஆறு மாசம் பொறுத்துக்கடி குட்டி. அங்க ஒரு ரூம் பார்த்துட்டு உன்னையும் கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் அத்தை சோறு போடுவாங்க, மாமாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். கிளம்புகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

அவளுடைய கத்தியின் பிடி அப்போது விரிசல் விட்டிருந்தது. வேறு கத்தி அவளுக்கு ஆகாது. எங்கே போனாலும் அதைத்தான் கொண்டுபோவாள். நான் புதுப்பிடி செய்து தருகிறேன் என்றேன். "நீயா? பென்சில் சீவச் சொன்னா பென்சிலயே காணாமப் பண்றவ" என்று சிரித்தாள். மாவைப் பிசைந்து உருட்டிக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நான்கு விரலும் பள்ளம் பள்ளமாக அதில் விழுந்தன. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அரம் போட்டேன். சுண்டுவிரல் பள்ளத்துக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அது அவ்வளவு குட்டி.

கத்தியின் வாலைக் கட்டைத் துளைக்குள் இறக்கி, பிசின் ஊற்றி, குறுக்கே ஆணி அடிக்கச் சொன்னீர்கள். நான் வாலைப் பாதியாக அறுத்துவிட்டேன். ஆணி வெட்ட என்று உங்களிடம் வாங்கிப்போன ரம்பம் அதற்குத்தான். பிசினுக்குப் பதிலாக மெழுகை உருக்கி ஊற்றினேன். பித்தளை ஆணிகளின் தலையை மட்டும் நறுக்கி இரண்டு பக்கமும் ஒட்டினேன். நீங்களே ஏமாந்துவிட்டீர்கள். "வேலை சுத்தம்னா இதான். நாளைக்கே பட்டறைக்கு வந்துடு, இவனுங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றீர்கள். அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை.

மெழுகு குளிர்ச்சியில் கல் மாதிரி இருக்கும். சூடு பட்டால் மனசு மாறிவிடும். அக்கா கிளம்ப வேண்டிய நாள் காலையில் கத்தியை அடுப்பை ஒட்டி வைத்தது நான்தான். போகும் முன் பூசணிக்காய்க் கூட்டு செய்து கொடு என்று கேட்டதும் நான்தான். நன்றாக முற்றின காயாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன்.

"என் கைய அச்சு எடுத்த மாதிரி இருக்குடி" என்று சொல்லிக்கொண்டே அக்கா கத்தியை இறக்கினாள். அலகு பாதியில் மாட்டிக்கொண்டது. உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினாள். பிடி ஒரு பக்கம் திரும்பியது. கை வழுக்கி அலகின் மேல் இறங்கியது.

அவள் முதலில் சொன்னது, "நீ பார்க்காத குட்டி, உனக்கு மயக்கம் வரும்."

ஒரு சின்ன வெட்டு, பஸ் போய்விடும், அவ்வளவுதான் நான் நினைத்தது. நரம்பு அங்கே அத்தனை மேலாக ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு விரல் இனி மடங்காதாம். டாக்டர் இரண்டைப் பற்றியேதான் பேசினார். மிச்சம் மூன்று நன்றாக இருப்பதை அவர் சொல்லவே இல்லை.

இப்போது நாங்கள் எப்படி இருக்கிறோம் தெரியுமா மாமா. நான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன், பித்தான் போட்டுவிடுகிறேன், சோறு ஊட்டுகிறேன். மருந்துக் கடைக்கு நானே தனியாகப் போனேன். கடைக்காரர் "காதுல விழல, சத்தமாச் சொல்லும்மா" என்றார். சத்தமாகச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரில் வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார். அக்காதான் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பரவாயில்லை, இப்போது அவளுக்கு நான் வாய்.

என்மேல் அவளுக்கு ஒரு துளி கோபமில்லை. "மொதமொதல்ல செஞ்சது, பாவம். அவ காதுல எதையும் போட்டுடாதீங்க, ஒடைஞ்சு போயிடுவா" என்று அத்தையிடம் சொன்னாளாம். எனக்காக அவள் அப்படிப் பேசுவதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

அந்த ஓட்டல்காரர்களும் நல்லவர்கள். கை தேறட்டும், இடத்தை வைத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா இடது கையில் பழகுகிறாள். நேற்று ஒரு வெங்காயத்தை முழுதாக நறுக்கிவிட்டாள், வேகம் வந்துகொண்டிருக்கிறது. இடது கைக்குத் தனிப் பிடி வேண்டுமே, என்னிடம்தான் கேட்டாள். காலையில் மாவு உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். இந்தக் கைச் சுண்டுவிரல் இன்னும் குட்டி.

உங்கள் மேஜைக்குக் கீழே கொய்யாத் துண்டு இன்னொன்று கிடக்கிறது, வரும்போதே பார்த்துவிட்டேன். அதைக் கொடுங்கள் மாமா. மெழுகு வீட்டில் மிச்சம் இருக்கிறது.