கேப்டனைக் கொடுத்து ராஜ்கமலை வாங்குவது பற்றி

பேச ஆரம்பிக்கும் முன்பே முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு அனுப்பும் பேரன்பு கொண்ட தலைவர், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் அம்மாவாசை அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மேடையில் நாற்காலி கிடைக்காத வருத்தத்தில் கீழே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பெரிய மார்க்கெட்டில் மீன்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடலுக்குக் கலங்காமல் போலீஸ் கச்சேரிக்குக் கலங்கும் கனகசெட்டிக்குளத்துக் காளையரே! அனைவருக்கும் அஞ்சலாட்சியின் வணக்கம்.

வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போன நம் ராஜ்கமலை, எல்லை தாண்டினான் என்று ஓர் அரசாங்கம் பிடித்து வைத்திருக்கிறது. ஒற்றனாம். கண்ணாடி போடாவிட்டால் தன் செல்போனில் வரும் பெயரையே படிக்க முடியாதவன், ஒற்றன். அவனை விட வேண்டுமானால், நம் சிறையில் இருக்கும் அவர்கள் நாட்டுக் கப்பல் கேப்டனை விட வேண்டும் என்கிறார்கள். யார் அந்தக் கேப்டன்? நடுக்கடலில் ஒரு படகை இடித்து நொறுக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவன். யார் அந்தப் படகில் இருந்தது? என் கணவர் செல்வகுமார்.

கொடுக்கலாமா? கூடாதா? நம் ஊர் என்ன சொல்கிறது என்று நம் அரசாங்கம் கேட்டிருக்கிறது.

கூடாது என்பவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருமுறை கொடுத்தால் ருசி கண்டுவிடுவார்கள், அடுத்த மீனவனையும் பிடிப்பார்கள் என்றார்கள். உண்மைதான். பக்கத்து ஊரோடு வலைத் தகராறு வந்தபோது அவர்கள் ஆள் ஒருவரை நாம் பிடித்து உட்கார வைத்தோம். அவர்கள் யாரைப் பிடித்தார்கள்? திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்த நம் அல்போன்ஸைப் பிடித்தார்கள். மைக் இல்லாமல் நமக்குச் சண்டைகூடப் போட வராது. உடனே மாற்றிக்கொண்டோம். அன்றிலிருந்து எந்தத் தகராறு வந்தாலும் முதலில் அல்போன்ஸைத்தான் தூக்குகிறார்கள். மாற்று லுங்கியும் பல்பொடியும் எடுக்காமல் அவர் தொழிலுக்குப் போவதில்லை. சிரிக்காதீர்கள், பின்னால்தான் நிற்கிறார், ஒலியைக் குறைத்துவிடுவார்.

கொடுக்கலாம் என்பவர்களும் வந்தார்கள். நான் மேடையிலேயே கேப்டனை மன்னித்தால் சிறப்பாக இருக்கும் என்றார்கள். அதற்குப் பொன்னாடையும் வாங்கிவிட்டார்கள். அதோ, மேசைமேல் இருக்கிறது.

கடைசியாக ராஜ்கமலின் மனைவி பூவிழி வந்தாள். இதோ, முன்வரிசையில் இருக்கிறாள். "அக்கா, ஒன்கிட்ட இத கேக்க எனக்கு வாய் வரல. நீ வேணாம்னா நான் எழுந்து போயிடறேன்" என்றாள். மற்ற எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். அவள் ஒருத்திதான் என்னைக் கேட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வருவதற்கு அவளுக்கு ஒருவன் இருக்கிறானே என்ற ஆத்திரம். உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன்.

அந்தக் கேப்டன் உள்ளே இருந்தால் செல்வகுமார் வருவாரா? வரமாட்டார். அவன் வெளியே போனால் ராஜ்கமல் வருவானா? வருவான். ஆகவே கொடுங்கள்!

அடுத்தவனைப் பிடிப்பார்களே என்கிறீர்களா? பிடிப்பார்கள். எல்லை காட்டும் கருவிகூட இல்லாத படகில் நம் பிள்ளைகளை ஏற்றிவிடும் ஏஜெண்டைப் போய்க் கேளுங்கள். பிடிபட ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைய ஆபத்துக்கு இன்றைக்கு ராஜ்கமல் ஒருவனே சிறையிருக்க வேண்டுமா?

கை தட்டாதீர்கள். நான் மன்னிக்கவில்லை. விடப்படுபவன் குற்றவாளி என்று எழுதிவிட்டு விடுங்கள். பொன்னாடையைப் பூவிழிக்குப் போர்த்துங்கள்.

இன்னும் ஒன்று. ராஜ்கமல் வந்திறங்கும் அன்று வெடி வெடிக்காதீர்கள். அதே நாளில் அந்தக் கரையிலும் ஒருவன் இறங்குவான். அவனுக்கும் வெடிப்பார்கள். இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நான் ஒருத்தி வீட்டில் இருப்பேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இன்று யாரிடமும் பிடிபடாமல் வந்து சேர்ந்த அல்போன்ஸுக்கும் நன்றி. வணக்கம்.