கிளியம்மாள் வீட்டுப் பக்கத்துக் கிளை

— த்தூ! இந்த நைட்டிய பாரு லூர்தக்கா! நேத்து துவைச்சு கொடியில போட்டது. பாகு ஊத்துன மாதிரி பிசுபிசுன்னு கீது, மேல கரி வேற அப்பிகீது. மாட்டிகினா எறும்பு ஏறுது. உன் எலுமிச்ச மரம் என் துணி மேலயே ஒண்ணுக்கு வுடுது.

— மரம் இன்னா பண்ணும் கிளி? செதில் பூச்சி ஒட்டிகினு சாற உறிஞ்சுது. உறிஞ்சிட்டுப் பாகா வுடுது, அதுல பூஞ்ச புடிச்சுதான் இலைல கரி படிஞ்சு உதிருது.

— பூச்சியா அது? கிளை முழுக்க சொறி புடிச்ச மாதிரி கீது. நகத்தால ஒண்ணப் பேத்தேன், சீழு மாதிரி வந்துச்சு. காலைல தின்ன இட்லி வெளிய வந்துடுச்சு. போதும்க்கா. அதான் மரம் அறுக்கற மாசானத்த மெஷினோட இட்டாந்துட்டேன்.

— வெட்டவா, வேண்டாமாக்கா? வடக்குப்பட்டுல இன்னொரு மரம் எனக்காவ நிக்கி. வெயிலு வேற ஏறுது.

— இருப்பா மாசானம். கிளி, இந்தக் காய்ல ஊறுகா போட்டு வித்துத்தான் என் அடுப்பு எரியுது. வெட்டிட்டா நான் இன்னா பண்ணுவேன்?

— எனக்கெதுக்கு வம்பு, நான் யார் வவுத்துலயும் அடிக்கல. எதிர்வூட்டு ராஜாமணி பொண்டாட்டியும்தான் வெட்டச் சொல்றா. அவளுக்கு மரம் தெரியுது, மவன் தெரியல! தமிழ்வாணனுக்கு வேலை போயிடுச்சு. அவன் இன்னும் ஐடி கார்டு மாட்டிகினு பஸ் ஸ்டாப்ல போய் குந்திகினு கீறான். பெத்தவளுக்கே தெரியாதாம்! இன்னா பொம்பளையோ. எனக்கெதுக்கு வம்பு.

— அத வுடு. என் பக்கம் வந்து இந்தக் கிளையப் பாரு. இதே பூச்சிதான். ஒவ்வொரு பூச்சியோட ஓட்டு மேலயும் ஊசியால குத்துன மாதிரி ஓட்டை தெரியுதா?

— தெரியுது, கருமம். இதுக்கு இன்னா இப்ப?

— தோட்டக்கலை ஆபீஸ் அம்மா வந்து பார்த்துட்டு சொல்லிச்சு. பொடிசா ஒரு குளவி கீதாம். பூச்சிக்குள்ள முட்டைய வெச்சிடுமாம். புழு உள்ளயே தின்னு வளந்து, குளவியாயி, ஓட்டையப் போட்டுகினு பறந்துடுமாம். அப்புறம் பூச்சி வெறுங்கூடுதான்.

— சீ! உயிரோடயா தின்னுது? சொல்லாதக்கா, மத்தியானம் சோறு எறங்காது.

— அந்தக் குளவிதான் என் மரத்துக்கு மருந்து. என் பக்கம் பூரா ஓட்டை. உன் வூட்டுப் பக்கத்துக் கிளைல ஒரு ஓட்டை கூட இல்ல.

— ஏன், என் வூட்டாண்ட வர்றதுக்கு உன் குளவிக்கு வெக்கமா?

— அனலு, கிளி. சூடு ஏறுனா குளவி செத்துடும். இந்தச் செதிலு தாங்கிகினு இன்னும் சீக்கிரமா பெருகும். உன் மாடி ஏசி பொட்டி நேரா இந்தக் கிளை மேல ஊதுது.

— ஏசி ராத்திரிதான ஓடுது! என் மவன் புருஷோத்து காலைல ஏழரைக்கே கம்பெனி பஸ் ஏறிடறான். நானே டிபன் கட்டிக் குடுக்கறேன். பகல்ல மாடியில ஈ காக்கா கெடையாது.

— ராத்திரி மட்டும் ஓடுனா குளவி எப்படியோ தாங்கிக்கும். பகல் வெயிலோட அந்த அனலும் சேர்ந்துதான் செத்துச்சு. கைய நீட்டிப் பாரு.

— ஆங்... சுடுதுக்கா! ஆளே இல்லாம எதுக்கு ஓடுது? எவனாச்சும் பூந்துட்டானா? மாசானம், ஏணியப் போட்டு ஜன்னல்ல பாருப்பா!

— யக்கா... உள்ள உங்க மவன்லா படுத்துக் கெடக்காரு. கழுத்துல கம்பெனி அட்டை தொங்குது.

— இன்னாது?

— அவனுக்கும் வேலை போயிடுச்சு கிளி. முன்வாசலா போறான், பின்பக்கப் படியில ஏறிடறான். நீ தெருவுலயே நின்னுகினு கீற, உனக்கு எங்க தெரியும்? 'அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி'ன்னு என் கையப் புடிச்சுகினு அழுதான். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மரத்தாண்ட மெஷினே வந்து நின்னுடுச்சே...

— ஐயோ, மெதுவாக்கா, மெதுவா...

— சட்டுனு சொல்லுங்கக்கா. வெட்டவா, வேண்டாமா?

— லூர்தக்கா மரத்துல கைய வெக்காத மாசானம். மெஷின மட்டும் சும்மா ஓட்டிகினு இரு. நாங்க பேசறது தெருவுக்குக் கேக்கக் கூடாது.